கைராசிக்காரி

"கைராசிக்காரிம்மா நீ! நீ காய்ச்சல்னு படுத்த அன்னைக்கு மட்டும்தான் ஒரு ராக்கெட் திரும்பிப் போய்க் கடல்ல விழுந்துச்சு. உனக்குப் பதிலா வந்தவ என்னத்தைப் பண்ணினாளோ!"

எதிரி அதிகாரி எல்லோர் முன்னாலும் இப்படிப் புகழ்ந்ததும் அவள் சிரித்து வைத்தாள்.

ஊரைப் பிடித்த எதிரிப் படை தொழிற்சாலையையும் பிடித்து, உள்ளூர்க்காரர்களையே வேலைக்கு இழுத்துப் போட்டிருந்தது. தயாராவது ரகசிய ராக்கெட். குறி, கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பிடிபடாத நகரம். அங்கேதான் அவள் தங்கை இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள்.

ராக்கெட்டின் மேல்தகட்டை மூடுவதற்கு முன், வால் துடுப்பைத் திருப்புகிற சிவப்பு, பச்சை வயர்களை அவள் இடம் மாற்றி முடுக்கிவிடுவாள். ஒன்று விடாமல் மாற்றினாள். மாட்டினால் தலை போய்விடும். போனால் போகட்டும் என்று துணிந்துதான் இறங்கியிருந்தாள். ஆனால் பாழாய்ப்போன ராக்கெட் பிடித்து வைத்தாற்போல் நேராகப் போய் விழுகிறதே!

அவளுக்கு அடுத்து அதைத் தொடுகிற ஆள் ஒருவர்தான். கடைசிச் சோதனை செய்து முத்திரை வைக்கிறவர். அவள் புருஷன்.

வீட்டில் அவர்கள் தொழிற்சாலைப் பேச்சையே எடுப்பதில்லை. ஒருவர் மாட்டினால் மற்றவராவது தப்பட்டும் என்று இருவரும் செய்த ஏற்பாடு அது. அன்று சாயங்காலம் அவள் அதை உடைத்தாள். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"உங்ககிட்ட வந்தப்புறம் ராக்கெட்டுல என்ன செய்றீங்க?"

"சோதனை. வேறென்ன?"

"வயரைத் தொடறீங்களா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. யார் சொன்னது?"

"தொடறீங்களா இல்லையா?"

"தொடறேன்."

"அது என் தங்கச்சி தலையில விழுதுங்க! நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வயரை மாத்தி அனுப்பறேன். நீங்க அவனுங்க உப்பைத் தின்ன விசுவாசத்துல சரிபண்ணிட்டு வர்றீங்க. இனி இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்!"

அவர் முகம் வெளுத்தது. "நீ... நீயும் மாத்தறியா?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயுமா? என்ன சொல்றீங்க?"

"நீ தகட்டை மூடினப்புறம் சோதனை ஓட்டைக்குள்ள கைதான்டி போகும், கண்ணு போகாது. வயர் சரியா இருக்குன்னு நம்பி, குறி தப்பட்டும்னு நானும்தான் ஒவ்வொண்ணுலயும் இடம் மாத்தி வச்சேன்!"

அவள் கத்தி நழுவி விழுந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

"நாளையிலேருந்து நீங்க தொடாதீங்க. என் கைராசி எப்படிப்பட்டதுன்னு அந்த அதிகாரி பார்க்கட்டும்."