ஐ சொன்னவர்கள்

அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

குடை மறுபடியும் இறங்கியது. தோளில். பிறகு முதுகில்.

வலிக்கட்டும். தோல் உரியட்டும். அந்த ஒரு சத்தம் மட்டும் வந்துவிடக்கூடாது.

"சொல்லேன்டி" என்றார் ஏகாம்பரம். குரலில் கோபமே இல்லை. ஆபீஸுக்குக் கிளம்பும்போது தண்ணீர் கேட்பாரே, அதே குரல்.

ஏகாம்பரம் கோட்டைக்குள்ளே சட்டசபையில் குமாஸ்தா. துரைமாரும் ஜமீன்தார்மாரும் பேசி ஓய்ந்ததும் சபைத் தலைவர் கேட்பார். ஆதரிக்கிறவர்கள் 'ஐ' சொல்லலாம். எதிர்க்கிறவர்கள் 'நோ' சொல்லலாம். எந்தச் சத்தம் பெரிதோ அதுதான் தீர்மானம். மேஜையோரம் உட்கார்ந்து அதை எழுதி எழுதி அவருக்கு விரல் காய்த்துப்போயிருந்தது.

கல்யாணமான புதிதில் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கத்தரிக்காயா, வாழைக்காயா. அவளும் சிரித்துச் சிரித்து 'ஐ' சொன்னாள். இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்ததே அந்த இரண்டு சொல்தான்.

அவளுடைய அம்மா செத்த அன்று, சாவு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவள் 'நோ' என்றாள்.

அன்றைக்குத்தான் குடை முதல்முதலாக ஆணியிலிருந்து இறங்கியது.

"ஐயோ" என்றாள்.

உடனே குடையைத் தாழ்த்தினார். "இப்ப 'ஐ'ன்னுதானே ஆரம்பிச்சே? அப்புறம் என்ன. பாஸாயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மனம்விட்டுத்தான் சிரித்தார். அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே ஐயோவில்தான் நிறைவேறின. மகள் ரஞ்சிதத்தை வேலூர்த் தோல் மண்டிக்காரனுக்குக் கொடுத்ததும் அப்படித்தான். மற்றப் பெண்களைத் தண்ணீர் விட்டுத் தாரைவார்ப்பார்கள். இவள் பெண்ணை ஒரு ஐயோவில் தாரைவார்த்தார்கள்.

அந்த ரஞ்சிதம் இப்போது சுவரோடு ஒட்டி நின்றாள். இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு.

கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசினாளாம். புருஷன் கையை முறித்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்லாமல் ரயிலேறி வந்துவிட்டாள்.

பின்னாலேயே அவனும் வந்துவிட்டான். வாசலில் ஜட்கா. அதிலிருந்து இறங்கவில்லை. அனுப்புகிறேன் என்று மாமனார் வாயால் சொன்னால்தான் படி மிதிப்பானாம். மரியாதையாம்.

"ரஞ்சிதத்தை மாப்பிள்ளையோட அனுப்பறது. எதிர்க்கிறவங்க?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"நோ" என்றாள் அவள்.

அதற்குத்தான் இந்தக் குடை.

கம்பி ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவள் கழுத்தில் ஒரு கோடு இழுத்தது. கோடு சிவந்து, வழிந்தது.

சத்தம் வரவில்லை.

அவருக்கு மூச்சு வாங்கியது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சரி. அம்மா பேச மாட்டாங்களாம். நீ சொல்லும்மா."

ரஞ்சிதத்தின் கட்டுப்போட்ட கையைப் பிடித்தார். முறுக்கினார்.

"ஐயோ, அம்மா."

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. "விழுந்துடுச்சுல்ல 'ஐ'. கிளம்பு, கிளம்பு. வெயில்ல எவ்வளவு நேரம் அவர் காத்துக்கிட்டிருப்பாரு?"

அவருக்கு முதல் பாதி கேட்டது.

அவளுக்கு மறுபாதி கேட்டது.

வாயிலிருந்த துணியை உருவிப் போட்டாள். அடுக்களைக்குள் போனாள். சுக்கு இடிக்கிற இரும்புலக்கையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

ஏகாம்பரம் குனிந்து மகளின் டிரங்குப்பெட்டியைத் தூக்கப் போனார். எழுதுகிற கை பெட்டியின் பிடியில் இருந்தது.

அவள் அந்தக் கையில்தான் போட்டாள்.

காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்.

அடுத்தது முழங்காலில். பெட்டியின் மேலேயே சரிந்தார். அவர் வாயிலிருந்து என்னென்னவோ வந்தன. அதையெல்லாம் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாவதற்கு அவர் கத்தவில்லை.

வீடு அடங்கிப்போயிற்று. குதிரை கனைப்பது மட்டும் கேட்டது.

"என்ன மாமா" என்று ஜட்காவிலிருந்து மாப்பிள்ளை சிரித்தான். "ரொம்பப் போட்டுடாதீங்க. இன்னொரு கையை எனக்கு மிச்சம் வைங்க."

அவள் சிதறிக் கிடந்த தலைமயிரை அள்ளி முடிந்தாள். கழுத்து ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். உலக்கை அதற்குள்ளே மறைந்துவிட்டது.

நடைக்கு வந்தாள். குரலில் வெல்லம்.

"உள்ள வாங்க மாப்பிள்ளே. மாமா அனுப்பறேன்னுட்டாரு."

ரஞ்சிதம் அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நல்ல கையைத் தாழ்ப்பாளின் மேல் வைத்தாள்.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது.