மேசைமேல் ஓடியது

படக்கென்று ஒரு சத்தம். பிறகு அந்த நாற்றம்.

அவள் சுவிட்சை அணைத்தாள். குனிந்து பார்க்கவில்லை. எது வெடித்தது என்று மூக்குக்கே தெரிந்தது.

மறுபடியும் டிரான்சிஸ்டர்.

வெளியே களத்தில் வேறு இரண்டு ரோபோக்கள் மோதிக்கொண்டிருந்தன. அடுத்தது அவளும் பிரிட்டோவும் செய்த ரோபோ.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்த போர்டை அவளே வரைந்து, அவளே சால்டர் செய்தாள். மேசைமேல் வைத்தால் ஓடுகிறது. சடாரென்று திசை மாற்றினாலும் ஓடுகிறது. ரோபோவுக்குள் வைத்து மூடினால் எரிகிறது.

வேண்டுமென்றே செய்வதுபோல.

"போதும் ஷஹனாஸ்" என்றான் பிரிட்டோ. ரோபோவின் உடம்பு முழுக்க அவன் வெட்டி ஒட்டியது. "பக்கத்து டீம்ல கடையில வாங்குன கன்ட்ரோலர் ஒண்ணு சும்மா கெடக்கு. தரேங்கறாங்க. மாட்டிட்டுப் போயிருவோம்."

அவள் எரிந்த போர்டைக் கழற்றினாள்.

போன போட்டியில் ரோபோ களத்தின் நடுவில் செத்து நின்றது. எதிரி சுற்றிச் சுற்றி வந்து அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் பிரிட்டோ கண்ணை மூடிக்கொண்டான்.

மிச்சமிருந்த ஒரே போர்டை எடுத்தாள். மேசையில் இருந்த இன்னொரு பேட்டரியோடு இணைத்தாள்.

ஓடியது.

அதைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

மேசையில் பேட்டரி, போர்டை ஒட்டி இருந்தது. ரோபோவுக்குள் போர்டு முன்னால், பேட்டரி பின்னால். நடுவே வயர் வளைந்து வளைந்து போனது.

மோட்டாரின் திசையைத் திருப்பும் கணத்தில், அந்த வயரின் நீளத்தால் மின்னழுத்தம் எகிறும். அடி டிரான்சிஸ்டருக்கு.

"வயரா?" என்றாள் வாய்விட்டு. "இத்தன நாளும் வயரா?"

கட்டிங் பிளையரை எடுத்து வயரைக் கத்தரித்தாள்.

"பேட்டரி முன்னால வரணும்."

"வெயிட்டெல்லாம் மூக்குல வந்துரும். கவுந்துரும்."

"எரியாது."

"கவுந்துரும்ங்கறேன்!"

மைக்கில் அவர்கள் அணியின் பெயரை அழைத்தார்கள்.

பிரிட்டோ பக்கத்து மேசையைப் பார்த்தான். பிறகு ரோபோவின் பின்னாலிருந்து பேட்டரியைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

களத்தில் ரோபோ பாய்ந்தது. பின்வாங்கியது. மறுபடி பாய்ந்தது. அவள் இரக்கமில்லாமல் ரிமோட்டை முன்னும் பின்னும் தள்ளினாள்.

புகை இல்லை.

எதிரியைச் சுவர்வரை நெட்டிக்கொண்டு போனது. யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். பிரிட்டோதான்.

அவள் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, முழு வேகத்தில் விட்டாள்.

மூக்கு தரையில் குத்தியது. பின்பக்கம் எழும்பியது. ஒரு குட்டிக்கரணம்.

நடுவர் எண்ணத் தொடங்கினார். மல்லாந்து கிடந்த ரோபோவின் சக்கரங்கள் அவள் சொன்னபடியெல்லாம் சுற்றின.

முன்னே. பின்னே. முன்னே.

தோற்றார்கள்.

மேசைக்குத் தூக்கி வந்தார்கள். சொன்னேன்ல என்று அவன் சொல்லப்போகிறான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் மூடியைக் கழற்றினான். போர்டின் மேல் விரலை வைத்தான். எடுக்கவில்லை.

"சூடே இல்ல."

பிறகு ரோபோவின் பின்பக்கத்தைப் பார்த்தான். பேட்டரி இருந்த காலி இடம். போர்டு தாராளமாக உட்காரும்.

"ஏன் ஷஹனாஸ், போர்டயும் சேத்துப் பின்னால வெச்சிருந்தா?"

அவள் அந்தக் காலி இடத்தை எட்டிப் பார்த்தாள்.

நெற்றியை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அழுகிறாளோ என்று அவன் பதறிக் குனிந்தான்.

பிறகு அந்தச் சிரிப்பு அவனையும் தொற்றிக்கொண்டது.