காலி சிடியைப் போடவும்

2009 நவம்பர் 10, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். சிடியின் அடியில் தெரிந்த கருவளையத்தைக் காப்பிக் கறை என்று நினைத்து, சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. மூன்று சிடிகளிலும் அதே வளையம் இருந்தது.

விடியற்காலையில் பேக்கரி வேலைக்குப் போய்விட்டு மாலைக் கணினி வகுப்புக்கு வந்தால் எனக்குக் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். பக்கத்து இருக்கை கிரெஸ்டனின் கண்களும் இன்று அப்படித்தான் இருந்தன. இங்கே டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். நாளை மறுநாள் மருத்துவமனையில் அவருடைய குரல்வளையை எடுக்கிறார்கள்.

அதற்குள் தன் குரலை மனைவி டோவேக்காக ஒரு சிடியில் பதிந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். பேச வேண்டியதைப் போன வாரமே பேசிவிட்டார், பதினெட்டு நிமிடம். அது கணினியில் இருக்கிறது, சிடியில்தான் ஏறவில்லை. எதைப் போட்டாலும் மென்பொருள் 'காலி சிடியைப் போடவும்' என்றே கேட்டது.

என் நோட்டில் உள்ளபடி: கணினியை அணைத்துப் போட்டோம். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினோம். வேகத்தைக் குறைத்தோம். மூன்று சிடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டோம், பிறகு பக்கத்து மேசைக் கணினியிலும். அதே வரி. நான்தான் ஏதோ ஒரு படியை விட்டுவிட்டேன் என்று தோன்றியது. முதலிலிருந்து தொடங்கினேன்.

டோவே போன ஆண்டே இதே வகுப்பை முடித்தவராம். அவரிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

"அவகிட்டயா? நான் வாயத் தொறந்தா போதும், போனை எடுத்து மேசை மேல வச்சுக்கிட்டு அதையே பாத்துட்டிருப்பா," என்றார் கரகரத்த குரலில். "நாப்பது வருஷமாக் கேட்ட கதைதானே. இந்த மூணு சிடியவே அவ தையல் டிராயர்லேர்ந்து சொல்லாமதான் எடுத்துட்டு வந்தேன்."

"கேக்கவே மாட்டாங்கன்னா யாருக்காகப் பதியறீங்க?"

"குரல் போனப்புறம் ஒருவேளை கேக்கணும்னு தோணும்ல."

வகுப்பு முடியக் கால் மணி நேரம்தான் இருந்தது. அவர் தெர்மாஸை மூடிவிட்டுக் கோட்டை எடுத்தார். "விடும்மா. கிரேனா இருந்தா ஒரு உதை விட்டா கேக்கும்."

ஆசிரியை பிர்த்தே வந்து என் நோட்டை வரி விடாமல் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கே. சிடில என்ன இருக்குன்னு போட்டுக் கேட்டியா?"

கேட்கவில்லை. அந்தப் படி என் நோட்டிலேயே இல்லை. நான் துடைத்த கருவளையம் கறையல்ல, ஏற்கெனவே எதையோ பதிந்த தடம்.

பிர்த்தே சிடியை ஓடவிட்டு ஹெட்போனைக் கிரெஸ்டனிடம் நீட்டினார். கோட்டின் ஒரு கையை மாட்டியபடியே அவர் நின்று கேட்டார். மற்றக் கையை மாட்டவே இல்லை. வெகுநேரம் கழித்து ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தார்.

கரகரப்பே இல்லாத ஓர் ஆண் குரல், பனிமூட்டத்தில் கிரேன் கொக்கி கப்பல் கம்பியில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தட்டில் கரண்டி படும் சத்தம். கதை சற்று நின்ற இடத்தில், மிக அருகிலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "அப்புறம்?"

"டோவே," என்றார் கிரெஸ்டன். "டிராயர்ல இன்னும் இருபது சிடி இருக்கும்மா."

நாளை செய்ய வேண்டியது: வேலை முடிந்ததும் காலி சிடி ஒன்று வாங்கி, நான்கு மணிக்குள் பிர்த்தேயிடம் கொடுப்பது.