முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்

பகடை விளையாட்டுப் பெட்டிக்குள் வாள்வீரன், ஈட்டிக்காரன், பூதம் என்று சண்டை போடும் பொம்மைகள் மூன்று இருந்தன. சண்டையில் எப்போதும் பூதமே ஜெயித்தது. தோற்றவர்கள் பெட்டியின் அடியில் தலைகீழாகக் கிடக்க வேண்டும்.

"புதுசா ஒரு விதி வைப்போம். விருப்பம் இருந்தா மட்டும்தான்," என்றான் வாள்வீரன். "எதிரிக்கு முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர் நின்னா, பகடையை ரெண்டு தடவை உருட்டி, பெரிசா விழுந்ததை எடுத்துக்கலாம்."

"எனக்கும் உண்டா?" என்று கேட்டது பூதம்.

"தாராளமா! விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே," என்றான் ஈட்டிக்காரன். பூதம் ஒண்டிக்கட்டை என்பது அவனுக்குத் தெரியும்.

அன்று பூதம் தோற்றது. பெட்டியின் அடியில் வெகுகாலமாகக் கிடந்த ஓர் எலிப் பொம்மையோடு அதற்குப் பேச்சுப் பழக்கம் ஏற்பட்டது.

மறுநாள் வாள்வீரனுக்கு முன்னால் பூதம் வந்து நின்றது. பின்னால் எலி வந்து நின்றது.

"உனக்குச் சண்டை போடத் தெரியுமா?" என்று அதட்டினான் வாள்வீரன்.

"தெரியாது. ஆனா விதியில நின்னா போதும்னுதானே இருக்கு," என்றது எலி.

பூதம் பகடையைக் கையில் எடுத்தது.

ஈட்டிக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "விருப்பம் இருந்தா மட்டும்தான்னு அன்னைக்கே சொன்னோமே. இன்னைக்கு எங்களுக்கு அவ்வளவா விருப்பம் இல்லை."