இனிப்பைத் துறந்தவர்கள்

“மன்னிச்சுடுங்க முதலாளி” என்று மாஸ்டர் கைகட்டி நின்ற மறுகணமே, திருடன் யார் என்பது பேக்கரி முதலாளிக்கு விளங்கிவிட்டது.

மேஜைமேல் மூன்றடுக்குக் கல்யாண கேக். உச்சியில் இருக்க வேண்டிய சர்க்கரை ரோஜாவைக் காணோம். அது இருந்த இடத்தில் விரலால் வழித்த தடம். சாயங்காலம் பெண் வீட்டார் வந்து நிற்பார்கள்.

மாஸ்டர், ‘இனிப்பு துறந்தோர் சபை’க்காரர். சர்க்கரை புத்தியை மழுக்கும் என்பது அந்தச் சபையின் கொள்கை. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்க்காமலே ஒருவன் இத்தனை ருசியாகக் கேக் செய்கிறான் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று முதலாளிக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தல்.

“அப்போ நீதான் தின்னே?” கோபத்தில் ‘மாஸ்டர், நீங்க’ எல்லாம் பறந்துவிட்டது.

“நான் தொடலைங்க. செஞ்சது எங்க சபை ஆளு. எங்கள்ல ஒருத்தர் தப்பு செஞ்சா, தெரிஞ்ச இன்னொருத்தர் மன்னிப்பு கேக்கணும். அது எங்க வழக்கம்.”

“அடேயப்பா! முழுங்கறது ஒருத்தன், முழிக்கறது இன்னொருத்தனா? இந்தக் கடையில உன்னை விட்டா உங்க கூட்டத்து ஆளு வேற யாரு? பேரைச் சொல்லு, உன் வேலை தப்பிக்கும்.”

மாஸ்டர் தரையைப் பார்த்தார். “அதை அவங்களேதான் சொல்லணுங்க. நான் காட்டிக் கொடுக்கக் கூடாது.”

கல்லாவில் இருந்த முதலாளியின் மனைவி, சர்க்கரை போடாத டீயை ஆற்றியபடி, “ஏங்க, ஒரு பூதானே! இன்னொண்ணு செஞ்சு வெச்சா ஆச்சு. இந்த வேலையை நம்பிக் குடும்பத்தோட வந்திருக்காரு, பாவம்” என்றாள்.

வர வர இவளுக்கு ரொம்பத்தான் இளகின மனசு. ஆனாலும், டாக்டர் சொல்லியும் விடாத சர்க்கரையைத் தன் அதட்டலுக்குப் பயந்து விட்டாளே என்பதில் முதலாளிக்குத் தனிப் பெருமை.

“நீ சும்மா இரு! பால் பண்ணையில வெண்ணெய் திருடி மாட்டினவன் யாரு? இதே சபைக்காரன். மொத்தக் கூட்டத்தையும் எடைபோட அவன் ஒருத்தன் போதாதா?”

அவர் தலைக்கு மேலே வணிகர் சங்கம் தந்த கேடயம் பளபளத்தது. ‘மனிதரை மனிதராகப் பார்ப்போம்’ என்று மைக்கை விடாமல் முழங்கியதற்குக் கிடைத்தது. சங்கப் பொருளாளர் கலப்பட எண்ணெயில் மாட்டியபோது, ‘தனி ஒருவர் செய்ததற்குச் சங்கம் என்ன செய்யும்?’ என்று அதே மைக்கில் கேட்டவரும் இவரேதான்.

“ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு!” முதலாளியின் விரல் வாசலைக் காட்டியது. “இனிமே உங்க சபை ஆளு ஒருத்தர்கூட இந்தக் கடையில கால் வைக்கக் கூடாது. என் வீட்டு வாசப்படியும் மிதிக்கக் கூடாது. யாரா இருந்தாலும் சரி, மறுபேச்சே கிடையாது!”

மாஸ்டர் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

கல்லாவில் டீ டம்ளர் டொக்கென்று இறங்கியது.

“மாஸ்டர், ஏப்ரனைக் கட்டுங்க” என்றபடி எழுந்து வந்த மனைவி, முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“சபையில சேர்ந்து ஒரு மாசந்தாங்க ஆச்சு, நாக்கு இன்னும் அடங்கலை. இப்ப நான் எந்த வீட்டுக்குப் போறது?”