வருஷத்துக்கு ஒரு கோளாறு

ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்துக்குள், உதிரிபாகப் பெட்டியும் கையுமாக நுழைந்தார் கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியர்.

"என்னப்பா திடீர்னு? தண்ணி அது பாட்டுக்கு ஓடுதே," என்றார் ஆபரேட்டர்.

"ஓடத்தான் செய்யும். பம்பை ஓட்டுற கம்ப்யூட்டர் மிஷினுக்குள்ள ரெண்டு கார்டு, ரெண்டும் ஒரே வேலையைப் பார்க்குது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு இழுத்துக்கிட்டுப் போயிடும். படுத்த சேதியை மிஷினே எங்க கம்பெனிக்குச் சொல்லிடும்."

"வருஷா வருஷம் இதே மாசம் படுத்துடுது பாரேன்."

ஆபரேட்டர் பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார்.

"இந்த மிஷினை மாடிக்குத் தூக்கின அன்னிக்கு உனக்குத் தலை நிறைய முடி."

"உங்களுக்கு வாய் நிறையப் பல்லு, அண்ணே."

டீ ஆறும்வரை பழசையெல்லாம் பேசிச் சிரித்தார்கள். பிறகு இன்ஜினியர் மெல்ல ஆரம்பித்தார்.

"அடுத்த வாரம் இதைக் கழற்றிட்டுப் புது மிஷின் வைக்கிறாங்க. எல்லாத்தையும் ஆபீஸ்ல இருந்தபடியே பார்த்துக்குவாங்களாம். இனிமே ரிப்பேருக்கு ஆள் வர வேண்டியதில்லை."

ஆபரேட்டர் டம்ளரைக் கீழே வைத்தார். இருபது வருஷமாக மென்று விழுங்கியதை அன்று சொல்லிவிட்டார்.

"மன்னிச்சுக்கப்பா. அந்த கார்டு ஒரு தடவைகூடக் கெட்டதில்லை. நான்தான் உருவி விடுவேன். வேற என்ன சொல்லி உன்னை வரவழைக்கிறது?"

இன்ஜினியர் மிஷினைத் திறந்து, உருவப்பட்டுக் கிடந்த அதே கார்டை அழுத்திச் செருகினார். பிறகு உதிரிபாகப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"கையால உருவினா, உருவிட்டாங்கன்னே மிஷின் சொல்லிடும்ண்ணே. முதல் வருஷத்துல இருந்தே நான் வெறும் பெட்டியைத்தான் தூக்கிட்டு வர்றேன்."