நாலு மணிக் கடிதம்

"டேப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து ஒட்டும்மா, பாதி வழியில பெட்டி பிரிஞ்சிடப் போகுது" என்றார் மேனேஜர். வேலையை விட்டுத் துரத்தப்படுகிறவளின் பெட்டி மீது அவருக்கு அப்படி ஓர் அக்கறை. முகத்தில் சோகம் காட்டத்தான் பார்த்தார். வாயெல்லாம் பல்லாக இருந்ததால் முடியவில்லை.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஆபீஸில் பூட்டக்கா என்று பெயர். டேட்டாபேஸில் ஒரே தகவலில் இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கை வைத்தால் குளறுபடியாகும், பூட்டுப் போடுங்கள் என்று ஆறு வருடமாகக் கத்தி வாங்கிய பட்டம் அது. பூட்டை யாரும் போடவில்லை, பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

கம்பெனி விற்பது, ஆள் சேர்க்கவும் ஆளை அனுப்பவும் உதவும் மென்பொருள். பெயரையும் நேரத்தையும் போட்டுப் பட்டனைத் தட்டினால் போதும். பின்னணியில் ஓடும் 'வொர்க்கர்' என்ற புரோகிராம் சொன்ன நேரத்துக்கு நீக்கக் கடிதத்தை அனுப்பி, கதவு திறக்கும் அட்டையையும் முடக்கிவிடும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவு நாகரிகம்!

இன்று நாலு மணிக்குச் சொந்தக் கம்பெனியிலேயே அப்படி ஒரு கடிதம் போகிறது. ஆட்குறைப்பு என்று ஒரே ஒரு தலை உருளப் போகிறது.

"ஒளிவு மறைவெல்லாம் எனக்குப் பிடிக்காதும்மா, சொல்லிடறேன். காலையில பத்து மணிக்கே நம்ம முதலாளி மேடம் யாரோ ஒருத்தர் பேரைப் போட்டுப் பட்டனைத் தட்டிட்டாங்க. நான்தான் மத்தியானம் போய் ஒரு மணி நேரம் பேசி, உன் பேரா மாத்த வச்சேன். யாரோ ஒரு புண்ணியவான் பிழைச்சான்" என்றார் மேனேஜர், உயிர்ப்பிச்சை கொடுத்தவர் போல.

பூட்டக்காவின் கணவன் இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் இருக்கிறான். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அழுகை வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்து தொலைத்தது, பாழாய்ப்போன தொழில் புத்தி.

"மத்தியானமா சார் மாத்தினாங்க? பட்டனைத் தட்டினப்பவே வொர்க்கர் விவரத்தை வாங்கிட்டுப் போயிருக்குமே. அதுக்குப் பதிவு நம்பரை மட்டும் குடுங்க, அனுப்புற நேரத்துல அதுவே டேட்டாபேஸைத் திறந்து புதுசா பாத்துக்கட்டும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"ஆமா, ஒவ்வொரு வொர்க்கரும் போய் டேட்டாபேஸ் கதவைத் தட்டினா சைட்டே படுத்துடும். அதான் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில குடுத்து அனுப்புறோம். என் ஐடியா. கைதட்டு வாங்கின ஐடியா!"

"ஒரு நிமிஷம் வொர்க்கரை நிறுத்திப் பாத்துடலாம் சார். தப்பா வேற யாருக்காவது போயிடப் போகுது, பாவம்."

"கீபோர்டுல கைய வச்சே, நடக்கிறதே வேற! போற நேரத்துலயும் பாடம் எடுக்காம இருக்க முடியலையா உன்னால?"

மணி நாலு. ஆபீஸே வேலையை விட்டுவிட்டு மேஜை மேலிருந்த பூட்டக்காவின் போனைப் பார்த்தது. அது கம்மென்று கிடந்தது.

மேனேஜரின் சட்டைப் பையில் 'டிங்' என்றது.

எடுத்துப் படித்தார். 'இதுநாள்வரை உழைத்தமைக்கு நன்றி' என்ற முதல் வரிக்குப் புன்னகைத்தார். இரண்டாவது வரியில் அவருடைய பெயர் இருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை.

"அய்யய்யோ, இதென்ன கூத்து!" என்று மேடத்தின் அறைக்கு ஓடினார். அட்டையைக் காட்டினார், கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டியதில் மேடமே எழுந்து வந்து திறந்தார்.

"மேடம், சிஸ்டம் தப்புப் பண்ணிடுச்சு! அவளுக்குப் போக வேண்டிய கடிதம் எனக்கு வந்திருக்கு. உடனே ரத்து பண்ணுங்க!"

மேடம் போனை வாங்கி, அவசரமே இல்லாமல் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு பூட்டக்காவைப் பார்த்து, "நீங்க போய் உங்க சீட்டுல உட்காருங்கம்மா" என்றார்.

போனை மேனேஜரிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"காலையில நான் போட்ட பேரு இதுதாங்க, மத்தியானம் நீங்களே எதிர்ல வந்து உட்கார்ந்ததும், சொல்ல சங்கடமாப் போச்சு."